நேர்ச்சைக் களவா

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மீன்வளம் படித்தேன். பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விட்டால் அது பிழைக்குமா, பிழைத்தால் எப்போது தேறும் என்று பார்ப்பதுதான் இப்போது என் வேலை. "பிடிச்ச மீன விடுததுக்கு ஒரு படிப்பா?" என்று எங்கள் தெருவில் இன்னும் கேட்கிறார்கள். அதிகமாகக் கேட்பவர் என் மாமா. அவர் கேட்கக் கூடாது. ஏனென்றால், திரும்பக் கடலில் விட்டு நான் பார்த்த முதல் மீன் அவர் பிடித்ததுதான்.

மாமா என்றால் என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். எங்களுக்கு அடுத்த வீடு. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், அவர் தனியாகப் போயிருந்தபோது வள்ளத்தின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோனது. காற்று அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தருவைகுளத்து ஆட்கள் கண்டு, கயிறு கட்டி இழுத்து வருவதற்குள் சில நாட்கள் ஆகிவிட்டன.

அந்த நாட்களில் அத்தை மாதா கோயிலே கதி என்று கிடந்தாள். துணைக்கு என்னை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவள் வாய்விட்டு நேர்ந்துகொண்டதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆளுயர மெழுகுவர்த்தி, மொட்டை, வேளாங்கண்ணிக்கு நடை. மாமா உதடு வெடித்து, முதுகுத் தோல் உரிந்து வந்து இறங்கினார். ஊரே கடற்கரையில் நின்று அழுதது, சிரித்தது. ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம் என்று கலைந்தும் போனது.

அதற்குப் பிறகு மாமா கடலுக்குப் போகவில்லை. முதலில் உடம்பு சரியில்லை என்றார். உடம்பு சரியானதும் இன்ஜின் சரியில்லை என்றார். மெக்கானிக் வந்து இன்ஜினைச் சரியாக்கியதும் கச்சான் காற்று சரியில்லை என்றார். காற்றும் அடங்கிய பிறகு கயிறு சரியில்லாமல் போனது. கடற்கரையில் உட்கார்ந்து ஒரே கயிற்றைச் சுருட்டுவார், பிரிப்பார், மறுபடி சுருட்டுவார்.

அப்பா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சீண்டுவார்.

"என்ன மாப்ள, கயித்துக்குத் தாலாட்டா? அது ஒறங்குனது போதும், நீங்க கொஞ்சம் முழிங்க."

மாமா சிரிப்பார். ஆனால் எழுந்திருக்க மாட்டார். வீட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருப்பார், பாதி பூனைக்குப் போய்விடும். சும்மா இருந்து ருசி கண்டுவிட்டார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை நானும் நம்பினேன்.

ஒருநாள் காலையில் அத்தை திடீரென்று ஒரு நேர்ச்சையைப் பற்றிப் பேசினாள். மாமா உயிரோடு வந்தால், அவர் மறுபடி பிடிக்கிற முதல் மீனை உயிரோடு கடலுக்கே விடுவதாக மாதாவுக்கு நேர்ந்திருக்கிறாளாம்.

"எப்ப நேந்த?" என்றார் மாமா.

"நீங்க கடல்ல கெடந்தப்பதான். பின்ன, கல்யாணத்தன்னைக்கா நேருவாவ?"

"சந்தையில ஒரு மீன உசுரோட வாங்கி விட்டா ஆவாதா?"

"விலைக்கு வாங்குத மீனுக்கா மாதா ஒங்களத் திருப்பித் தந்தா? நேர்ச்சைய வச்சிட்டுக் கொடுக்காம இருந்தா நமக்குக் கொள்ளாது, ஆமா."

நிபந்தனைகளும் இருந்தன. மீனில் தூண்டில் பட்ட இடம் தவிர வேறு காயம் இருக்கக் கூடாது. நேர்ந்தவள் கையால்தான் விட வேண்டும். எங்கள் ஊரில் பெண்கள் தொழில் வள்ளத்தில் ஏறுவதில்லை. ஆகவே மீன்தான் உயிரோடு கரைக்கு வர வேண்டும். ஒரு மீனை நல்ல மனதோடு கொல்வதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று எனக்கு இருந்த வருத்தம் வேறு. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னிடம் அத்தை இந்த ஒரு நேர்ச்சையை மட்டும் மறைத்துவிட்டாளே என்பதுதான் அது.

மாதாவின் பெயரைச் சொன்ன பிறகு மாமாவால் கயிற்றைக் காரணம் காட்ட முடியவில்லை. மறுநாள் விடியற்காலையில் போனார். சின்னதாக ஒரு நகரை மீனைப் பிடித்துக்கொண்டு உடனே திரும்பிவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். கடலுக்கு அது தெரியவில்லை. உச்சி வெயிலில் அவர் கொண்டுவந்த ஐஸ் பெட்டியில் கடல் தண்ணீருக்குள் ஒரு பெரிய களவா மடங்கிக் கிடந்தது. ஆழத்துப் பாறைகளில் வாழ்கிற மீன். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்ததில் உள்ளே காற்று விரிந்து, கண்கள் பிதுங்கி, வயிறு தவில் போல உப்பியிருந்தது.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. எங்கள் ஊரில் மாதா சுரூபத்தைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிட்டு முத்தி செய்கிற வழக்கம் உண்டு. நேர்ச்சைப் பொருள் என்பதால் மீனுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. ஆளாளுக்குத் தொட்டு முத்தி செய்தார்கள். ஒருத்தி அதன் நெற்றியில் சிலுவை போட்டாள். இன்னொருத்தி அதன் வழுவழுப்பை எடுத்துத் தன் பிள்ளையின் நெற்றியில் தடவினாள். அந்த வழுவழுப்புதான் மீனுக்குத் தோல்மேல் தோல் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை.

அத்தை முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, அருள் நிறைந்த மரியே சொல்லி, மீனைக் கையால் விட்டாள்.

மீன் புரண்டது. வெள்ளை வயிறு வானத்தைப் பார்த்தது. ஒருமுறை வாலை அடித்தது. பிறகு பலகை மாதிரி மிதந்தது.

கூட்டத்தின் பின்னால் நின்ற ஒரு கிழவி, "கடல் ஏத்துக்கிடல. இனி இவன் கடலுக்குப் போனா நல்லதுக்கில்ல" என்றாள். கூட்டம் தலையாட்டியது. அத்தையின் முகம் செத்துப்போனது. மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. வள்ளத்தைத் தவிர அவர்களுக்கு வேறு ஒன்றும் இல்லை.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நன்றாகப் பார்த்தேன், நிம்மதிதான். இவ்வளவு பெரிய மீனை இனி விற்றுக்கொள்ளலாம் என்று சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மாமா மீனைத் தூக்கி வரவில்லை. மிதந்துபோகிற அதையும் கரையில் நிற்கிற அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடியில் தூண்டில் முள் வைத்திருக்கும் தகர டப்பாவோடு தண்ணீருக்குள் நடந்தார்.

"ஏளா மருமவளே, இங்கன வா" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கழுத்தளவு வந்த இடத்தில் அவருக்கு நெஞ்சளவு. "அத்தைக்குத் தெரியாம மறச்சி நில்லு. பாவாடைய விரிச்சிக்கோ."

பாவாடை காற்று நிரம்பி என்னைச் சுற்றிக் குடை போல மிதந்தது. டப்பாவிலிருந்து அவர் எடுத்தது ஊசி போடுகிற ஊசி. உயிர்க் களவா வாங்குகிற வியாபாரிக்கு அவர் முன்பு மீன் பிடித்துக் கொடுத்தவர். வயிற்றுக் காற்றை இறக்கி மீனை உயிரோடு வைக்க அப்போது வைத்திருந்த ஊசி அது. மீனின் பக்கத்துடுப்புக்குப் பின்னால் ஒரு செதிலை விலக்கி, சாய்வாக இறக்கினார்.

"மாமா, காயப்படுத்தக் கூடாதுல்லா?"

"சத்தம் போடாத. மாதாட்ட நான் பேசிக்கிடுதேன்."

உஸ்ஸென்று காற்று வெளியேறியது. சின்னச் சின்னக் குமிழிகள் என் கன்னத்தருகே வந்து உடைந்தன. வயிறு தணிந்தது. மீன் நிமிர்ந்தது, ஆனால் நீந்தவில்லை. மாமா அதன் கீழ்த்தாடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கத் தொடங்கினார். வாய் வழியாகத் தண்ணீர் போய்ச் செவுள் திறந்து மூடியது. நடந்துகொண்டே அதோடு பேசினார்.

"மெல்ல. ஒண்ணுமில்ல, மெல்ல. ஒனக்குத் தெரிஞ்ச கடல்தான இது? பயந்தா ஆவுமா? போனாத்தான சோறு? மெல்ல."

மீனிடம் போய்ச் சோற்றைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வெகுநேரம் கழித்து மீன் அவர் விரலை ஒருமுறை கடித்தது. பிறகு வாலை வீசி, கலங்கலுக்குள் இறங்கி மறைந்தது. கரையில் கைதட்டினார்கள். அதே கிழவி, "நாந்தான் அப்பவே சொன்னேன்லா, மாதா கைவிட மாட்டான்னு" என்றாள்.

அந்தக் களவா பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. சந்தேகம்தான். திரும்ப விட்ட மீன்களைக் கூண்டில் வைத்து நாங்கள் பார்க்கிறோம். துள்ளிக்கொண்டு போனது பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் செத்துக் கிடக்கும். மூலையில் அசையாமல் கிடந்தது மெல்லத் தேறிவரும். நீந்துகிறது என்பதற்காகத் தேறிவிட்டது என்று நாங்கள் எழுதுவதில்லை. போட்ட இரையை அது தானாக வந்து எடுக்க வேண்டும். அதற்காகத்தான் காத்திருப்போம்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு முறை இரை போடும்போதும் அன்றைய மத்தியானச் சாப்பாடு எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஈரப் பாவாடையோடு நான் அத்தை வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். மாமா தட்டிலிருந்ததை வழித்துச் சாப்பிட்டார். பூனை பக்கத்தில் வந்து காத்திருந்து ஏமாந்தது. தட்டை முன்னால் தள்ளி, "இன்னுங் கொஞ்சம் சோறு போடு. நாளைக்கு வெள்ளனப் போவணும்" என்றார்.

அத்தை அடுப்படிக்குள் போனாள். போனவள் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். பானையின் முன்னால் குத்தவைத்து, சத்தம் வெளியே வராதபடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

சோறு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து, எங்கள் வீட்டிலிருந்து வாங்கிவர நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.