கையோடு வந்த குருத்து

2009 மார்ச் தொடக்கம். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் மாடி அறையில் குடியிருந்தேன். சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கார அக்காவும் அவர் கணவரும் டிசம்பர் கடைசியில் மகளின் பிரசவத்துக்காகக் கனடா போயிருந்தார்கள். போகும்போது தோட்டத்துப் பனையை என்னிடம் ஒப்படைத்தார்கள். நம் ஊர்ப் பனை அல்ல. குளிர் தாங்கும் சீன வகை, என் தோள் உயரம். அகதி விடுதியை விட்டுத் தனி வீட்டுக்கு வந்த வருடம் அக்கா நட்டது. ஈஸ்டருக்கு முந்தைய ஒவ்வொரு குருத்தோலை ஞாயிறுக்கும் அதில் ஒரு குருத்தை வெட்டி, நாடா நாடாவாகக் கிழித்து, தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களுக்குச் சிலுவை முடைந்து கொடுப்பார்.

குளிர் கூடினால் சாக்கு சுற்றினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். நான் பதினோரு வேலைகளைப் பட்டியல் போட்டேன். ஜனவரியில் கடும் உறைபனி வந்தபோது, சாக்கின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இடைவெளியே இல்லாமல் டேப் ஒட்டினேன். காற்று துளியும் புகாது என்று பெருமை வேறு. குளிர் குறைந்த பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

அவர்கள் திரும்புவதற்கு முதல் நாள் பிரித்தேன். உள்ளே ஈரம் சொட்டியது. நடுக்குருத்தை லேசாகத் தொட்டேன்; கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து, அழுகி நாறியது.

அடுத்து செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. குருத்தை இருந்த இடத்திலேயே செருகி வைத்தேன். மறுநாள் அக்கா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "பிள்ளை வடிவாப் பாத்திருக்கிறா" என்று மகிழ்ந்தார். தினமும் சொல்ல நினைத்தேன். நான்கு வாரம் ஓடியது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள் அக்கா கத்தியோடு தோட்டத்தில் இறங்கினார். பின்னாலேயே ஓடினேன்.

"வெட்டாதீங்க அக்கா. அது அப்பவே கழண்டுடுச்சு. நான்தான் திரும்பச் சொருகி வச்சேன்."

அக்கா அதை உருவி மோந்து பார்த்தார். "எப்ப கழண்டது?"

"நீங்க வர்றதுக்கு முதல் நாள்."

"நாலு கிழமையா உள்ளுக்க அழுகிக்கொண்டு கிடந்திருக்கு. அண்டைக்கே சொல்லியிருந்தா மேலோட வெட்டி விட்டிருக்கலாம், பிள்ளை."

"நல்ல காலம், பசை போட்டு ஒட்டேல்லை" என்றார் அவர் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

அவரே ரம்பமெடுத்து உச்சியைச் சிறிது சிறிதாக அறுத்தார். ஒரு விரல் நீளம் போன பிறகுதான் வெள்ளைச் சதை தெரிந்தது. பூஞ்சை மருந்துத் தூளைத் தூவி, மழை விழாமல் ஒரு குடையைக் கட்டினோம். பச்சை மிச்சமிருந்த மட்டைகளை வெட்டவில்லை, உரமும் போடவில்லை. பிழைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் பூசைக்கு நானும் போனேன். அக்கா கையில், ஜெர்மன்காரர்கள் கொண்டுவருவது போல ஒரு பச்சைச் செடிக் கொத்து. "எங்க அக்கா, இந்த முறை சிலுவை இல்லையோ?" என்று பலரும் கேட்டார்கள். "மரத்துக்குக் குளிர் பட்டிட்டுது" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் அசைவில்லை. ஜூன் கடைசியில், அறுத்த இடத்தின் நடுவிலிருந்து ஒரு பச்சை முனை எட்டிப்பார்த்தது. விரிந்தபோது அதன் நுனிகள் கத்தரித்தது போல மொட்டையாக இருந்தன.

இப்போதும் வேலையில் என் கையால் ஏதாவது கெட்டுப்போனால், சரிசெய்ய வழி தேடுவதற்கு முன்பே உரியவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நான் மறைத்த அந்த நான்கு வாரங்களைப் போன்ற ஒன்றை இன்னொருவர் மேல் சுமத்த எனக்கு மனம் வருவதில்லை.