ஒரு கை தள்ளி உட்கார்ந்தவர்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் என் கணவரை ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இடம் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து வந்த ஓர் அம்மா மட்டும் எல்லோரையும் விட்டு ஒரு கை தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வெளுத்த முகம். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன்.

"வேணாம்மா, நான் தூரம்."

"இந்த வயசுலயா?"

"நின்னு ஏழு வருசம் ஆச்சி. போன வருசம் திரும்ப வந்துச்சி. வலி ஒண்ணும் இல்ல. வர்றப்பல்லாம் மூணு நாளு வூட்டுக்கு வெளிய குந்திக்கினு இருப்பேன். இப்ப மயக்கம் ஜாஸ்தி, மருமவன் இட்டாந்தாரு. உங்க வூட்டுக்காரருக்கு இன்னா?"

"மூத்திரத்துல ரத்தம். நேத்து ஒரே தபாதான். பயந்து ஓடியாந்துட்டோம்."

ஆணுக்கு ரத்தம் வந்தால் வீடே பதறுகிறது. எங்களுக்கோ அது பார்த்துப் பழகிய நிறம்.

என் கணவருக்கு மூத்திரப்பையில் சின்னக் கட்டி, சரி செய்துவிடலாம் என்றார்கள். அந்த அம்மாவுக்கும் அதே இடத்தில்தான் கட்டி, ஆனால் வெகுவாகப் பரவிவிட்டது. ஒரு வருடமாக வந்த ரத்தம் கர்ப்பப்பையிலிருந்து வந்ததே இல்லை என்று டாக்டர் சொன்னதை, முதலில் வெளியே வந்த மருமகன் சொன்னார்.

அவர் பின்னால் டாக்டர் அறையிலிருந்து வந்த அந்த அம்மா நேராகப் பெஞ்சுக்கு வந்து, என் தோள் உரச உட்கார்ந்தார்.

"அப்ப அது தூரமே இல்லியாம்மா?"

"இல்லைங்க."

"ஆறு மாசம் முந்தி மவ கல்யாணத்துல தாலி கட்டுறப்ப பந்தலுக்கு வெளியவே நின்னுட்டேனே" என்றார்.