கோர்வோ கணவாயின் முதல் ஆள்

ரெமிஜியோவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. எங்கள் பள்ளத்தாக்கில் போன ஜூன் மாதம் வரைக்கும் யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால், சொன்னவனுக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள்.

பிரத்தேலா கிராமத்திலிருந்து கோர்வோ கணவாய் உச்சிக்குப் பதினாலு கிலோமீட்டர், முப்பத்தோரு கொண்டை ஊசி வளைவு. அந்தச் சாலையை முப்பத்து நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டவர் அவர். மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மண்வெட்டியும் துடைப்பமும் போட்டுக்கொண்டு விடிகாலையில் கிளம்புவார். வளைவுக்கு வளைவு இறங்கி, இரவில் உருண்டு வந்த கல்லையும் சரளையையும் பெருக்கித் தள்ளுவார். கோடையில் ஊரிலுள்ள சைக்கிள்காரன் எல்லாம் இங்கே வந்துதான் நாக்கைத் தொங்கப் போடுவான். இறங்கும்போது ஒரு பிடி சரளை போதும், ஆள் அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் சரளையால் அங்கே யாரும் விழுந்ததில்லை.

பிறகு எப்படி இந்தப் பொய் முளைத்தது? வாயால்தான். வருகிறவனெல்லாம் அவரைத்தான் கேட்பான், எந்த வளைவு மோசம், எங்கே பிரேக் பிடிக்கலாம் என்று. பார்த்துப் பார்த்தே அவருக்கு எல்லாம் அத்துப்படி. "ஒம்போதாவதுல உள்பக்கம் போகாதே, அங்க தார் வழுக்கும். இருபத்தி ரெண்டுல மூச்சு வாங்கிக்க, அதுக்கு மேல சான்ஸ் கிடைக்காது" என்பார். கேட்டவன் போய்விட்டு வந்து, "நீங்க சொன்ன மாதிரியேதான்" என்பான். இப்படிச் சொல்கிறவர் ஓட்டத் தெரியாதவராக இருப்பார் என்று யார் நினைப்பார்கள்? ஒருநாள் மதுக்கடையில் ஒருவன், "வாலிபத்துல எவ்வளவு நேரத்துல ஏறுவீங்க?" என்று கேட்டான். அன்றைக்கு இரண்டாவது கோப்பை உள்ளே போயிருந்தது. "அம்பது நிமிஷத்துக்குள்ள" என்றார் மனிதர். அவ்வளவுதான், பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது. உண்மையோ, மேய்ச்சல் மேட்டுக் குடிசையில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவர். அங்கே சைக்கிளை எங்கே ஓட்டுவது, மாட்டின் முதுகிலா?

இருபது வருடம் அந்தப் பொய்யோடு சௌகரியமாகவே இருந்தார். போன ஏப்ரலில்தான் வினை வந்தது.

பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் கணவாய், ஜூனில் இரண்டாம் ஞாயிறு திறக்கும். மத்தியானம் வரை கார் கிடையாது, சைக்கிள் மட்டும். அன்றைக்கு ஒருவரை 'முதல் ஆள்' என்று முன்னால் விடுவார்கள். எட்டாவது வளைவில் ஒரு கல் தொட்டி இருக்கிறது, மலைத் தண்ணீர் விழும். அந்தத் தொட்டிக்குப் போகும்வரை முதல் ஆளை யாரும் முந்தக் கூடாது. முந்தினால் தலை போகாது, மானம் போய்விடும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் முந்திவிட்டார். இன்றைக்கும் பல்வலி வந்தால் பிரத்தேலாக்காரர்கள் அடுத்த ஊருக்குத்தான் போகிறார்கள்.

சைக்கிள் சங்கத் தலைவர் டாரியோ, ரெமிஜியோவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், வீட்டுக்கே வந்தார்.

"டேய், ஜூலையில நீ ரிட்டயர் ஆகறே. இந்த வருஷம் முதல் ஆள் நீதான். சங்கத்துல புதுசா ஒரு சைக்கிளும் உனக்கு வாங்கியாச்சு. சிவப்பு."

ரெமிஜியோ முட்டியைத் தடவினார். "முட்டி சரியில்லடா" என்றார்.

"அம்பது நிமிஷத்துல ஏறின முட்டி, தொட்டி வரைக்கும் ஏறாதா? சும்மா பிகு பண்ணாதே."

டாரியோ போனதும், அடுப்பில் பொலெந்தா என்கிற சோளக் களியைக் கிண்டிக்கொண்டிருந்த மனைவி நோர்மா திரும்பாமலே கேட்டாள். "இப்ப என்ன பண்ணப் போறே?"

"காலை உடைச்சுக்கலாம்னு பாக்கறேன்."

"அதுக்கெதுக்குத் தனியா மெனக்கெடணும்? சைக்கிள்ல ஏறு, தானா உடையும்." நோர்மா தபால்காரி. முப்பது வருடம் சைக்கிளில் தபால் போட்டவள். அவரது ரகசியம் தெரிந்த ஒரே ஆள். "உண்மையைச் சொல்லிடேன்" என்றாள்.

"முப்பத்து நாலு வருஷம் வேலை பாத்து, கடைசியில பித்தலாட்டக்காரன்னு பேர் வாங்கிட்டுப் போகச் சொல்றியா?" அவருக்கு அது ஒன்றுதான் பயம். முட்டி பெயரட்டும், பல் பெயரட்டும். தான் சொன்னதையெல்லாம் நம்பி அந்த வளைவுகளில் இறங்கியவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவரால் தாங்க முடியாது.

கற்றுக்கொள்ள இடமா இல்லை! மேலே பனி அகற்றும் வரைக்கும் பன்னிரண்டாவது வளைவில் தடுப்புக் கம்பி பூட்டியிருக்கும். சாவி அவர் சட்டைப் பையில். தடுப்புக்கு மேலே, பனிச்சரிவு விழாமலிருக்க சாலைக்குக் கான்கிரீட் கூரை போட்ட இடம் ஒன்று உண்டு. முந்நூறு மீட்டர், நூல் பிடித்த மாதிரி நேர். நோர்மாவின் பழைய தபால் சைக்கிளை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு, கள்ளக் கடத்தல்காரர்கள் மாதிரி இருவரும் போனார்கள்.

பதினோரு நாளில் நேராக ஓட்ட வந்துவிட்டது. நம்ப மாட்டீர்கள், கூரைக்கடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பையன் போலச் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் வளைவு என்று வந்தால், ஐயோ பாவம், நேரே போய் ஓர வாய்க்காலில்தான் இறங்குவார். பத்து தடவை போனால் பத்து தடவையும் அங்கேதான்.

"எங்க பாக்கறியோ அங்கதான் வண்டி போகும்" என்றாள் நோர்மா. "ரோட்டைப் பாரு. ஏன் வாய்க்காலைப் பாக்கறே?"

"தண்ணி போற கம்பித் தட்டியில இலை அடைச்சிருக்கே."

"கண்ணை எடுய்யா அதுலேர்ந்து!"

எப்படி எடுப்பார்? முப்பத்து நாலு வருடமாக அந்தக் கண் பார்த்ததெல்லாம் ஓரம்தான். சாலையின் நடுவில் அவருக்கு எந்த வேலையும் இருந்ததில்லை. நாற்பத்தி மூன்றாவது தடவை விழுந்து எழுந்தபோது, நோர்மா அவர் முழங்கையில் மருந்து தடவினாள். அடுத்த வாரம் கணவாய் திறக்க வேண்டும்.

அந்த ஞாயிறு வந்தது. நானூறு பேர் திடலில் நின்றார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். டாரியோ மைக்கைப் பிடித்தால் விடுகிற ஆளா? அம்பது நிமிஷக் கதையையும் சொல்லித் தொலைத்தார். நோர்மா தொட்டியருகே ரொட்டி, சீஸ் மேசை போடக் காலையிலேயே மேலே போய்விட்டிருந்தாள்.

கிளம்பினார். கிராமத்துத் தெரு நேர். முதல் வளைவுவரை ராஜா மாதிரி போனார். பின்னால் நானூறு சங்கிலிகள் முனகின. சாலையைப் பார், சாலையைப் பார் என்று சொல்லிக்கொண்டே போனார். வளைவு வந்தது. வாய்க்கால் வாயில் எவனோ தின்றுவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் உறை. கண் போய்விட்டது. சிவப்பு சைக்கிளும் அவரும் அதன் பின்னாலேயே போனார்கள்.

பெரிய அடி இல்லை. ஆனால் மொத்தக் கூட்டமும் நின்றுவிட்டது. டாரியோ சைக்கிளோடு பக்கத்தில் வந்து நின்றார். "டேய், மயக்கமா? நெஞ்சு வலிக்குதா?"

ரெமிஜியோ வாய்க்காலில் உட்கார்ந்தபடியே அந்த உறையை எடுத்துப் பைக்குள் போட்டார். பிறகு, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுடா. எப்பவுமே தெரியாது. அம்பது நிமிஷம்னு சொன்னது பச்சைப் பொய். நேரா மட்டும் ஓட்டுவேன், அதுவும் ஏப்ரல்லேர்ந்துதான்."

சிரிக்கப் போகிறார்கள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப ஒம்போதாவது வளைவு வழுக்கும்னு எப்படித் தெரியும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தினம் அங்க இறங்கி நடக்கறேனே."

"நீங்க சொன்னதாலதான் நான் விழல" என்றாள் அவள்.

"நீங்க போங்க. நான் வீட்டுக்குப் போறேன்" என்று ரெமிஜியோ எழுந்தார்.

டாரியோ திரும்பி நானூறு பேரையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "தொட்டி வரைக்கும் முதல் ஆளை யாரும் முந்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் சைக்கிளிலிருந்து இறங்கினார். "நடடா."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். சைக்கிள்காரர்கள் போடுகிற ஷூ நடப்பதற்கு ஆகாது. அடியில், பெடலில் மாட்டுவதற்கு, கட்டை மாதிரி இரும்பு. நானூறு பேர் டக்கு டக்கென்று, வாத்துக் கூட்டம் போலச் சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் திட்டத்தான் திட்டினார்கள், ஆனால் ஒருவரும் ஏறவில்லை. ரெமிஜியோ நடுச்சாலையில் சிவப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பழக்கதோஷம், வழியில் ஒரு கல்லைக் காலால் ஓரம் தள்ளினார். பக்கத்தில் வந்த பெண்ணும் ஒன்றைத் தள்ளினாள். பிறகு பார்த்தால் கூட்டமே கல் தள்ளிக்கொண்டு வந்தது.

எட்டாவது வளைவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நோர்மா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் சாகல. உன் புருஷனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதாம்" என்றார் டாரியோ.

"இதைச் சொல்லத்தான் இத்தனை பேர் வந்தீங்களா?"

சிரித்து, தண்ணீர் குடித்து, ரொட்டி தின்று, ஒவ்வொருவராக சைக்கிளில் ஏறி மேலே போனார்கள். போகும்போது அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். கடைசி ஆளும் ஒன்பதாவது வளைவில், வெளிப்பக்கமாகவே திரும்பி மறைந்தான். ரெமிஜியோ தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"இந்த ரோட்டுல என்கூட யாருமே நடந்ததில்ல, நோர்மா" என்றார். "ஒருநாள்கூட."

சொல்லிவிட்டு அழுதார். நோர்மா பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.