ஒரே பெயரில் இரண்டு ஃபைல்

முகம் பார்க்காத ஒரு மனிதரை மாம்பழ சீசன் பாதிவரைக்கும் நான் வெறுத்திருக்கிறேன். அவர் வேலூர்க்காரர் என்பது மட்டும் தெரியும்.

அப்போது திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். நகரியிலிருந்து தினமும் பஸ். சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்கு சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தோட்டத்துப் பழம், எவ்வளவு கூழ் ஆனது, எந்த டிரம் கிடங்கில் எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். திருப்பதி ஆபீசில் ஒழுங்காகச் சொன்னது. ஆலையில் போட்டதும் ஒரு டி.எல்.எல். ஃபைல் சரியில்லை என்றது. டேட்டாபேஸோடு பேசுவதற்குப் பல மென்பொருள்கள் பொதுவில் வைத்துக்கொள்ளும் ஃபைல் அது. என் கம்ப்யூட்டரில் வேறு எதனோடோ எப்போதோ வந்து உட்கார்ந்திருந்ததால், அது இல்லாமல் ஓடாது என்பதே எனக்குத் தெரியவில்லை. இன்ஸ்டாலரில் அதையும் சேர்த்து, விண்டோஸின் பொது ஃபோல்டரில் போய் விழும்படி செய்தேன். ஓடியது. ஊர் திரும்பினேன்.

மறுநாள் ஆலையின் எடை மேடை நின்றுபோனது. லாரியை எடை போடும் மென்பொருளும் கேட் அறையில் இருந்த அதே கம்ப்யூட்டரில்தான் ஓடியது. அதை எழுதியவர்தான் அந்த வேலூர்க்காரர். மேனேஜர் அவருக்கு போன் போட்டார். அவர் பஸ் ஏறி வந்து, தன்னுடையதை மறுபடி இன்ஸ்டால் செய்துவிட்டுப் போனார். எடை மேடை ஓடியது. என்னுடையது படுத்தது. மேனேஜர் எனக்கு போன் போட்டார். நான் பஸ் ஏறினேன். என்னுடையது ஓடியது. அவருடையது படுத்தது.

இப்படியே மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் கிளம்பிய பிறகுதான் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும் என்று மேனேஜருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஆனால் நான் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை என்னிடமும் தவறாமல் சேர்த்துவந்தார். என் மென்பொருள் காலேஜ் பிள்ளைகள் செய்கிற ப்ராஜெக்ட் மாதிரி இருக்கிறதாம். நானும் சும்மா இருக்கவில்லை. அவருடையதை மியூசியத்தில் வைக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

பெங்களூரா மாங்காய் லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டி, அடியிலிருந்த பழம் சாறாக ஒழுகத் தொடங்கிய அன்று, மேனேஜர் எங்கள் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னார். கேட் அறையில் இரண்டு நாற்காலியைக் காட்டி, "கூர்ச்சோண்டி" என்றார். ரெண்டும் ஓடினால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் மனசுக்குள் அவருக்கு ஒரு பெரிய மீசை வைத்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, கையில் தயிர்சாத டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகிற வயசு.

"காலேஜ் ப்ராஜெக்ட்டுன்னு சொன்னீங்களாமே சார்?"

"சொன்னேன்" என்றார். "மியூசியம்னு சொன்னது நீதானம்மா?"

"ஆமா சார்."

அதற்குமேல் அதைப்பற்றிப் பேச ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்தோம்.

அவர் இன்ஸ்டாலரில் இருந்த ஃபைலையும் என்னுடையதில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெயர் ஒன்று. அவருடையது பழைய பதிப்பு, என்னுடையது புதியது. யார் கடைசியாக வருகிறாரோ அவருடையது இன்னொருவருடையதன்மேல் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அவர் ஒரு கெட்ட ஆளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

எந்த மென்பொருளும் முதலில் தன் சொந்த ஃபோல்டரில்தான் தேடும். அதனால் அவருடையதை அவர் ஃபோல்டரிலும், என்னுடையதை என் ஃபோல்டரிலும் வைத்தோம். எடை மேடை ஓடியது. என்னுடையது ஓடவில்லை. என் ஃபைலுக்குத் துணையாக இன்னொரு ஃபைல் வேண்டியிருந்தது. அதற்கு இன்னொன்று. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் போடப் போட, அவர் தயிர்சாதத்தில் பாதியை டப்பா மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். துன்னுக்கினே பார்க்கச் சொன்னார். ரெண்டும் ஓடின. லாரிகள் நகர்ந்தன.

"பொது ஃபோல்டர்ல இருக்கிறது இனிமே யாருக்கும் வேணாம். தூக்கிடலாம்" என்றார். எனக்கும் சரி என்று பட்டது. தூக்கினோம்.

ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்கள் விரல் ரேகை மெஷினில் விரலை வைத்தார்கள். மெஷின் யாரையும் தெரியாது என்றது. கேட்டில் கூட்டம் சேர்ந்தது. மேனேஜர் உள்ளே வந்து எங்களைப் பார்த்து, "இப்போ எவரு?" என்று கேட்டார்.

வருகைப் பதிவும் அதே கம்ப்யூட்டர், அதே ஃபைல். அதை எழுதியவர் நாயுடுபேட்டைக்காரராம். போன் எடுப்பதில்லையாம். பழைய பதிப்பா, புதியதா என்று கேட்க ஆள் இல்லை. வேலூர்க்காரர் பழையதை வைத்துப் பார்த்தார். மெஷின் எல்லோரையும் அடையாளம் கண்டுகொண்டது. அந்த ஃபைலை இனி யாரும் தொடக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

அதன்பிறகு, ஒரே இடத்தில் வேலை வந்தால் கிளம்பும் முன் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டோம். சில வருஷத்தில் அவருக்குக் கண் மங்கியது. எடை மேடை மென்பொருளை மூல நிரலோடு என்னிடம் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தார். உள்ளே நன்றாகத்தான் எழுதியிருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது எந்த ஆலைக்குப் போனாலும், இந்தக் கம்ப்யூட்டரில் வேறு யாருடையதெல்லாம் ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. பதிலுக்கு எனக்குக் காபி வரவழைக்கிறார்கள்.