நிறுத்தச் சொன்ன கை

எங்கள் பாலைவன முகாமில் யாராவது பழைய மோட்டார்ஹோம் என்கிற வீட்டு வண்டி வாங்கப் போகிறார்கள் என்றால், அது பெண் பார்க்கிற வைபவம் மாதிரிதான் நடக்கும். வாங்குகிறவர்கள் இரண்டு பேர், பார்க்கிறவர்கள் ஊர்ப்பட்ட பேர். ஒருவர் கூரைமேல் ஏறி வெடிப்பு தேடுவார். ஒருவர் குனிந்து, டயர் எந்த வருடம் செய்தது என்று படிப்பார். என்னைப் போன்றவர்கள் உள்ளே போய்க் கட்டில் மூலையில் மூக்கை வைத்து, மழைத்தண்ணீர் இறங்கிய பூஞ்சை வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்போம். விடுமுறைக்கு நாலு நாள் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. எங்களுக்குத் திரும்ப வேறு வீடு கிடையாது. குடியிருப்பதும் அதற்குள்தான், பிழைப்பதும் அதற்குள்தான்.

வெர்லாவும் அவள் கணவர் டெல்மரும் அந்தக் குளிர்காலத்தில் கேன்சஸிலிருந்து அரிஸோனாவுக்கு, எங்களிடம், வந்து சேர்ந்தார்கள். குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். இனி இன்னொருவர் சுவருக்கு வாடகை கொடுப்பதில்லை, சக்கரத்தின் மேலேயே வாழ்ந்துவிடுவது என்று இரண்டு பேரும் முடிவெடுத்திருந்தார்கள். கோடையில் ஐடஹோ காட்டில் ஒரு முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை உறுதியாகியிருந்தது. சொந்த மோட்டார்ஹோமோடு வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. குளிர்காலத்தில் வெர்லாவின் தையல் இருக்கிறது. வண்டிகளின் கித்தான் பந்தல், இருக்கை உறை, திரைச்சீலை என்று எது கிழிந்தாலும் அவள் கைக்குப் போனால் புதிதாகத் திரும்பும். கோடை வெயில் ஏறுவதற்குள் ஒரு வண்டி கிடைக்கவேண்டும். அதுவரைக்கும் எங்கள் ஒபால் தன்னுடைய ஓட்டை டிரெய்லரை அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.

வெர்லா அதிகம் பேசமாட்டாள். வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும், அதனால் என்று நினைத்திருந்தோம். அவள் வாயை அடைத்திருந்தது குண்டூசி இல்லை, பயம்.

டெல்மர் வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் அவருக்கு முதுகு நிமிரும். அப்படிப்பட்ட மனிதர் இப்போது காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். அவர் அறியாமல் அவள் துடைத்தாள். கடைக்குப் போனால், "கண்ணாடியை மறந்துட்டேன், நீயே படி" என்பார். ஒருநாள் காலையில் என் வண்டிக் கதவில் தொங்கிய கோட்டை நான் என்று நினைத்து, "என்ன, இவ்வளவு சீக்கிரம் எழுந்தாச்சா?" என்று விசாரித்தார். நான் சிரித்தேன். வெர்லா சிரிக்கவில்லை.

கண்ணில் கோளாறா என்று அவள் அவரையே கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பிறகு யார் ஓட்டுவது? சின்ன பிக்கப் லாரியைவிடப் பெரிதாக எதையும் அவள் ஓட்டியதில்லை. கேட்காமல் விட்டால் அவர் தன் இஷ்டத்துக்கு பஸ் அளவு பெரிய மோட்டார்ஹோமாக வாங்குவார், மலைப்பாதையில் அதை ஓட்டுவார். அந்தப் பாதையில் அவர்கள் மட்டுமா போகிறார்கள்? எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருவார்கள். இதை நினைத்து நினைத்து அவள் ராத்தூக்கமே போயிற்று.

விலைக்கு வந்தவை இரண்டு வண்டிகள். ஒன்று டுவேன் என்பவருடைய பெரிய பஸ். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, சினிமாத் திரை மாதிரி. இன்னொன்று ரொசெண்டாவுடையது. யூமாவில் மகள் வீட்டோடு தங்கிவிட முடிவுசெய்த பெண் அவள். அந்த வண்டி சின்னது. முன்பாதி வேன், பின்பாதி வீடு, ஓட்டுகிறவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை.

"அது வண்டியா? ரொட்டி டப்பாவுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு," என்றார் டெல்மர்.

"நாம ரெண்டு பேர்தானே. எனக்கு மிஷின் வைக்க ஒரு மேஜை இருந்தாப் போதும்."

"உனக்கு மேஜை போதும். எனக்கு ரோடு தெரியவேண்டாமா கண்ணு? அந்தப் பெரிய கண்ணாடி வழியா பார்த்தா உலகமே தெரியும்."

வெர்லா, "சரி, முதல்ல ஓட்டிப் பாரு" என்றாள்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் எங்கள் முகாமில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக வருகிற வண்டியைப் பின்பக்கமாக எடுத்து, நிறுத்துமிடத்தில் ஒழுங்காகச் சொருகவேண்டும். கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கையால் வழி காட்டுவாள். வாயைத் திறக்கக்கூடாது. யார் முதலில் கத்துகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். அன்று ராத்திரி மொத்த முகாமுக்கும் அவர்கள் செலவில் சாப்பாடு. முகாமே மடக்கு நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும். கல்யாண வாழ்க்கையின் லட்சணம் முழுவதும் அந்தக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும் என்பாள் ஒபால். அவள் மூன்று கணவர்களோடு அதைச் செய்து பார்த்தவள்.

அன்று பிற்பகல் டெல்மர் பெரிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். எங்களோடு உட்கார்ந்திருந்த டுவேன், பின்பக்கக் கேமரா வேலை செய்யாது என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"கேமரா எதுக்கு? என் பொண்டாட்டி இருக்கா," என்றார் டெல்மர்.

நாங்கள் கை தட்டினோம். வெர்லா பின்னால் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் குழாயும் மின்சாரப் பெட்டியும் பொருத்திய இரும்புக் கம்பம். பஸ் நகர்ந்தது. அவள் இரண்டு கைகளாலும் வா, வா என்றாள். கொஞ்சம் இடது என்றாள். பஸ் கேட்டது போலத்தான் வந்தது. லாரி ஓட்டிய கையாயிற்றே, பாதி வேலையை அது பழக்கத்திலேயே செய்துவிடும்.

"ஜோடின்னா இது ஜோடி," என்றாள் ஒபால் என் காதில். "என் ரெண்டாமத்தவன் இந்நேரம் ரெண்டு மரத்தைச் சாய்ச்சிருப்பான்."

பக்கத்துக் கண்ணாடியில் டெல்மரின் முகம் வெர்லாவுக்குத் தெரிந்தது. இடம் முடிந்துவிட்டது. அவள் முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே உயர்த்தினாள். நிறுத்து என்று அர்த்தம். கண்ணாடிக்குள் அவர் கண்கள் நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கையை, அவள் முகத்தை, அவளைத்தான்.

பஸ் நிற்கவில்லை.

நகர்ந்திருக்கலாம். பக்கத்தில் ஒரு எட்டு வைத்தால் போதும். அவள் நகரவில்லை. மடக்கிய கையோடு அப்படியே நின்றாள். நாற்காலிகளில் சிரிப்பு நின்றுபோனது. ஒபால் எழுந்துவிட்டாள். பஸ்ஸின் பின்பக்கம் வெர்லாவின் மேல்சட்டையைத் தொடுகிற நேரம், அவள் "டெல்மர்!" என்று கத்தினாள். அந்தப் பெயரை அப்படி ஒரு குரலில் நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை, இனியும் கேட்கவேண்டாம்.

பஸ் குலுங்கி நின்றது.

கம்பத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலிருந்து பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"தப்பு என்னோடது," என்றாள். "கையைத் தப்பா காட்டிட்டேன். நான் தோத்தேன். ராத்திரி எல்லாரும் சாப்பிட வாங்க."

அவள் பஸ்ஸுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே நடந்ததை எனக்குச் சொன்னது வெர்லாதான், பல நாள் கழித்து, என் ஜன்னல் திரையைத் தைத்தபடி.

டெல்மர் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம்.

"நீ கையைச் சரியாத்தான் காட்டியிருப்ப," என்றார்.

"ஆமா."

"நீ எங்க நின்ன?"

"பின்னாலதான். கம்பத்துக்கு முன்னால."

"ஏன் நகரல?"

அவர் குரல் உயர்ந்தது. "பைத்தியமா உனக்கு? ஏன் நகரல வெர்லா?"

"எனக்குத் தெரிஞ்சாகணும் டெல்மர். கேட்க வாய் வரல. கண்ணாடியில என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்த. என்னையே பார்த்துக்கிட்டு என் மேலேயே வந்த."

அந்தப் பெரிய மனிதர் அப்போதுதான் உடைந்தார். நேராக எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு புகைத்திட்டு, அதற்குள் எல்லாம் மறைந்துபோகிறது என்றார். கேன்சஸை விட்டுக் கிளம்புமுன்பே டாக்டர் சொல்லிவிட்டாராம். இது மேலும் பரவும், இனி வண்டி ஓட்டக்கூடாது என்று.

"சொல்லியிருந்தா நீ இந்த வாழ்க்கைக்கே வந்திருக்கமாட்ட. உங்க அக்கா வீட்டு மாடியில என்னை உட்கார வெச்சிருப்ப," என்று தேம்பினார். "உன்னைக் கொன்னிருப்பேனே. என் கையாலயே உன்னைக் கொன்னிருப்பேனே."

அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாளாம். "மாடியில உட்கார நான் மட்டும் தயாரா என்ன? எனக்கும்தான் ரோடு வேணும்," என்றாளாம்.

பஸ் கதவு திறந்தது. டெல்மர் முதலில் இறங்கினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நாற்காலிகள் இருந்த திசையைப் பார்த்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அவ கையைச் சரியாத்தான் காட்டினா. எனக்குத்தான் தெரியல. எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. தோத்தது நான்."

வெர்லா அழுதது அப்போதுதான். எங்களில் பாதிப் பேர் மண்ணைப் பார்த்தோம். கடைசியில் ஒபால்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏன் டெல்மர், அப்போ வந்த நாள்லேர்ந்து என்னை அழகின்னு சொன்னதெல்லாம் கண்ணு தெரியாமத்தானா?"

"மன்னிச்சுக்க ஒபால்," என்றார் அவர். "உன் டிரெய்லர்ல தங்கிக்கிட்டு வேற என்ன சொல்ல முடியும்?"

முகாமே சிரித்தது. டுவேன் வந்து அவர் தோளைத் தட்டிவிட்டு, பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார். அன்று ராத்திரி எல்லோருக்கும் பீன்ஸும் சோள ரொட்டியும் டெல்மர் செலவுதான். அவரை அதிலிருந்து யாரும் தப்பவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து ரொசெண்டா தன் சின்ன வண்டியைக் கொண்டுவந்தாள். "ஓட்டிப் பார்க்கிறது இருக்கட்டும். முதல்ல உள்ள சமைச்சுச் சாப்பிடுங்க. வாழப்போற இடமில்லையா?" என்றாள்.

வெர்லா முட்டை பொரித்தாள். அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரே எட்டு. மேஜையில் தன் தையல் மிஷினைத் தூக்கி வைத்து, கித்தானை விரித்து ஒரு தையல் ஓட்டினாள். மேஜை ஆடவில்லை. டெல்மர் கண்ணை மூடிக்கொண்டு கைகளால் வண்டியைப் படித்தார். சுவர் மூலைகளைத் தடவினார். காலணியைக் கழற்றி, குளியலறைத் தரையை வெறுங்காலால் அழுத்தினார். மேல்படுக்கையில் ஏறி முகர்ந்தார்.

"இந்த மூலையில மட்டும் ஈரம் இறங்கியிருக்கு. பலகை இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. கூரையில பிசின் பூசினாச் சரியாயிடும்," என்றார்.

"அதைச் சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன்," என்றாள் ரொசெண்டா வெட்கத்தோடு. "என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வருஷாவருஷம் பூசுவார்."

ஓட்டிப் பார்க்கும் நேரம் வந்தது. டெல்மர் பழக்கத்தில், ஓட்டுகிறவர் ஏறும் இடப்பக்கக் கதவுக்குத்தான் போனார். கைப்பிடியைத் தொட்டதும் நின்றார். வெர்லா பின்னால் நின்றாள். பிறகு அவர் வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து வலப்பக்கம் ஏறினார். ரொசெண்டாவும் நானும் பின்னால் மேஜையருகே உட்கார்ந்தோம்.

வெர்லா ஸ்டீயரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டினாள். முகாம் வாசலைத் தாண்டுவதற்குள் எனக்கு மூன்று முறை உயிர் போய் வந்தது.

"ரொம்ப ஓரமா போற," என்றார் டெல்மர்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சக்கரம் சரளைக்கல்லுல ஏறுற சத்தம் கேக்குது. உள்ள எடு. கண்ணாடியைக் கிட்டப் பார்க்காத, தூரத்துல ரோடு முடியுற இடத்தைப் பாரு. கை தானா வரும்."

அவள் தூரத்தைப் பார்த்தாள். வண்டி நேரானது. கொஞ்ச தூரத்தில் அவள் தோள்கள் இறங்கின. காலியான நெடுஞ்சாலைக்கு வந்ததும் வேகம் கூட்டினாள். அடுப்பின் மேல் இருந்த வாணலி கிணுகிணுத்தது.

டெல்மர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நேரே சாலையைப் பார்த்தபடி, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குச் சிரிக்கிற? நான் ஓட்டுறது அவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்று கேட்டாள் வெர்லா.

"இல்ல கண்ணு. நடுவுலதான் எனக்குப் புகை. ஓரமெல்லாம் நல்லாவே தெரியுது. உன்னை நேராப் பார்த்தா நீ மறைஞ்சுபோற. இப்படி ரோட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா, இந்த ஓரத்துல நீ முழுசாத் தெரியிற. மூக்கு, முடி, வாயில இருக்கற குண்டூசி வரைக்கும்."

வெர்லா வாயைத் தொட்டுப் பார்த்தாள். குண்டூசி இருந்தது. அதை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, கண்ணைத் துடைக்கக்கூட ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல், திரும்பும் இடம் வந்தும் திரும்பாமல், ஓட்டிக்கொண்டே போனாள்.

"ரொசெண்டா," என்றார் டெல்மர் முன்னாலிருந்து, தலையைத் திருப்பாமல். "இந்த ரொட்டி டப்பா எங்களுக்குத்தான்."