பெரில் தைத்த ஆடு

எங்கள் ஊர் ஹாக்தோர்ப்பில் பெரில் காதோர்னுக்குத் தெரியாமல் யாரும் ஊசியில் நூல் கோத்துவிட முடியாது. ஊர்த் தபாலாபீஸில் முப்பது வருஷம் பார்சல்களை எடை போட்டவள். ஓய்வு பெற்ற பிறகு மனுஷர்களை எடை போட ஆரம்பித்துவிட்டாள் என்று எங்கள் ஊரில் சொல்வோம், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு. ஆகஸ்ட் மாதக் கண்காட்சியில் எம்பிராய்டரிக்கு அவள்தான் நடுவர். பூதக்கண்ணாடியோடு வருவாள். மேவிஸ் த்ரிப் ஆறு மாதம் கண் நோகத் தைத்த ரோஜாப்பூக் குஷனை ஒரு வருஷம் இரண்டாம் பரிசுக்குத் தள்ளி, சீட்டில் இப்படி எழுதி வைத்தாள்: 'ஒரு தையல் எதிர்த்திசையில் விழுந்திருக்கிறது. வருந்துகிறேன்.' அவள் வருந்தினதாக யாரும் நம்பவில்லை.

அவளுடைய பெருமை இன்னொன்று உண்டு. 1964-ல் பேராலயத்திலிருந்து கடிதம் வந்தது, ஜெபத்துக்கு மண்டியிடுகிறவர்களுக்காக ஊருக்கு ஒரு முழங்கால் மெத்தை தைத்துத் தரச் சொல்லி. எங்கள் ஊருக்குப் பெரில் தைத்தாள். கேன்வாஸில் கட்டம் எண்ணி எண்ணி, கம்பளி நூலால், பச்சைப் புல்லில் மேயும் மூன்று செம்மறி ஆடுகள். பதினாலு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசினாலும் சரி, முட்டைக்கோஸைப் பற்றிப் பேசினாலும் சரி, பேச்சு எப்படியோ சுற்றி வளைத்து 'பேராலயத்தில் இருக்கிற என் மெத்தை'யில் வந்து நிற்கும்.

அவள் வெளியே சொல்லாத விஷயமும் ஒன்று இருந்தது. நடுவில் இருந்த ஆட்டுக்கு ஐந்து கால்.

ஒரு சாயங்காலம் முன்பக்கத்திலிருந்து எண்ணி மூன்று கால் போட்டாள். தடுமன் பிடித்து நாலு நாள் படுத்து எழுந்தவள், பின்பக்கத்திலிருந்து எண்ணி இரண்டு கால் போட்டாள். மெத்தைக்குள் பஞ்சு அடைத்து மூடித் தைத்து, எடுத்துப்போக வண்டி வாசலில் நிற்கும்போதுதான் கண்ணில் பட்டது. பிரிக்க நேரமில்லை. சிரித்த முகத்தோடு கொடுத்து அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் போய் அழுதாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மெத்தைகளைப் படைக்கிற ஆராதனைக்கு ஊரே இரண்டு பஸ்ஸில் கிளம்பிப் போனபோது, அவள் பல்வலி என்று கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சபைச் சுற்றுலாவுக்கு அவள்தான் காரியதரிசி. முப்பத்தோரு வருஷமாக எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள், பிரபுக்களின் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனாள், இரண்டு முறை ஒரே ஜாம் தொழிற்சாலைக்குக் கூட்டிப் போனாள். பேராலயம் என்று யாராவது வாயெடுத்தால், கூரையில் வேலை நடக்கிறது, பஸ் நிறுத்த இடமில்லை, அங்கே டீ தண்ணீராக இருக்கிறது என்று ஏதாவது சொல்வாள். நாங்களும் தலையாட்டிவிடுவோம்.

இந்த வருஷம் அவள் முழங்கால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயம் பார்த்து, மேவிஸ் கமிட்டியைக் கூட்டிப் பேராலயம் என்று முடிவு செய்துவிட்டாள். சேதி கேட்ட அன்று நர்ஸ் வந்து பெரிலின் ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை அளந்தாள்.

ஜூன் மாதம், மழைத் தூறலில் பஸ் கிளம்பியது. எல்லாரும் வருஷா வருஷம் உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் ஆம்ப்ரோஸ் டப், ஐம்பது வருஷம் ஆட்டுப்பண்ணை நடத்தியவர், ஊர் எல்லை தாண்டுவதற்குள் முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துவிட்டார். ஏறினவர்கள் ஒவ்வொருவராகப் பெரிலிடம், கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். கால் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைப்பையில் அவள் சின்னக் கத்தரிக்கோலும், பச்சைக் கம்பளி நூலும், ஊசியும் வைத்திருந்தாள். ஆட்டின் அந்த ஐந்தாவது காலை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல் வைத்துத் தைத்துவிடுவதாகத் திட்டம். மேவிஸ் கண்ணில் படுவதற்குள் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோஜாப்பூக் குஷனுக்கு வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பேராலயத்தை அடைந்ததும் எங்கள் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி, கழிப்பறை எங்கே. இரண்டாவது, டீக்கடை எத்தனை மணிவரை. அதற்கப்புறம்தான் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்து, ஒட்டடை அடிக்க எவ்வளவு நீளக் கம்பு வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அங்கி போட்ட வழிகாட்டி ஒருவர் வந்து, எந்த ராஜா கட்டியது, எந்தத் தீயில் எரிந்தது என்று ஆரம்பித்தார். பெரில், மறுபடி கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று மெதுவாக நழுவினாள். எழுபது வயதில் அதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஊன்றுகோலோடு வரிசை வரிசையாகத் தேடினாள். நாற்காலிகளுக்குப் பின்னால் கொக்கியில் மெத்தைகள் தொங்கின. காற்றாலை, அன்னம், பீட்ரூட், யாருடைய ஊரோ தைத்த தேவதூதன் ஒருவன். அவனுக்கு மாறுகண். அது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. கடைசியில் பேராலயத்துக்குள்ளேயே தெற்குப் பக்கமாக இருந்த சிறு ஜெப அறையில், மூலை நாற்காலியில், அவளுடைய ஆடுகள் அகப்பட்டன.

பச்சை மங்கியிருந்தது. எத்தனையோ பேர் முழங்கால் பட்டு நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். நன்றாகத்தான் தைத்திருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இத்தனை வருஷமா நின்ன ஆடு. இப்பப் போயி அதுக்கு ஆபரேஷன் பண்ணாத, பெரில்."

பின்னால் மேவிஸ் நின்றுகொண்டிருந்தாள். பெரில் சட்டென்று உள்ளங்கையால் ஆட்டை மூடினாள்.

"எதைச் சொல்றே?"

"அஞ்சாவது காலைத்தான்."

பெரிலுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"படைச்ச அன்னிக்கே தெரியும். நீதான் பல்வலின்னு வரலியே."

"ரெண்டு பஸ் ஜனம் வந்தீங்களே மேவிஸ்."

"ரெண்டு பஸ்ஸும் வரிசையில நின்னு பாத்துச்சு. திரும்பிப் போறப்ப மழையைப் பத்திப் பேசிக்கிட்டே போனோம்."

பெரில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம். கூரை வேலை, பஸ் நிறுத்த இடமில்லை, தண்ணீர் டீ. தான் சொன்ன ஒவ்வொரு சாக்குக்கும் தலையாட்டின முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த ஜாம் தொழிற்சாலைக்கு இரண்டாவது தடவையும் வாயைத் திறக்காமல் வந்தார்களே.

"அந்தக் குஷனுக்கு நான் சீட்டு எழுதி வச்சேனே. அன்னிக்காவது நீ சொல்லியிருக்கலாம்."

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கடிச்சுக்கிட்டேன். வீட்டுக்குப் போயி புருஷன்கிட்ட ஒரு வாரம் கத்தினேன், பாவம் மனுஷன்."

"அப்ப இப்ப மட்டும் எதுக்கு என்னை இங்க இழுத்துட்டு வந்தே?"

மேவிஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தரிக்கோலைப் பெரில் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "உன்னை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனாங்களா, எனக்கு ஒரே யோசனை. ஏதாவது ஆகித் தொலைஞ்சா, இவ தன் கையால தைச்சது இங்க இருக்கிறதை ஒரு தடவைகூடப் பாக்காமலே போயிடுவாளேன்னு. எனக்கு அது பொறுக்கல. அவ்வளவுதான்."

பெரில் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள், அந்தப் பழைய கல் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மெத்தையைக் கொக்கியில் மாட்டினார்கள். ஆடுகள் இருக்கிற பக்கத்தை வெளியே திருப்பி வைத்தது பெரில்தான்.

திரும்பும்போது, டிரைவருக்கு நன்றி சொல்ல காரியதரிசி மைக்கைப் பிடிப்பது வழக்கம். பெரில் நன்றி சொன்னாள். மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். என் மெத்தையில நடு ஆட்டுக்கு அஞ்சு கால் இருக்கு. தப்பா எண்ணினது நான்தான். அப்புறம் மேவிஸோட ரோஜாப்பூக் குஷனுக்கு முதல் பரிசுதான் குடுத்திருக்கணும். குடுக்காதது என் தப்பு."

பஸ்ஸில் முப்பத்தாறு பேர் இருந்தோம். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி, தூறல் விட்டுவிட்டதா என்று பார்க்க ஆரம்பித்தோம். யாரோ தெர்மாஸ் மூடியைத் திருகினார்கள். மேவிஸ் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முன்சீட்டில் ஆம்ப்ரோஸ் சாண்ட்விச்சை மென்று விழுங்கிவிட்டு, நிதானமாக வாயைத் துடைத்தார்.

"அஞ்சா? நானும் அன்னிக்கு நல்லாத்தானேம்மா பாத்தேன்," என்றார். "எனக்கு நாலுதான் தெரிஞ்சுது."