கடைசி நிறுத்தத்தின் பேர்

பிட்டோலாவில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தே வெல்யானுக்குத் தலை நரைத்தது. துருக்கி சுல்தானை எதிர்த்து எழுந்த டாமே குரூவ் பேரில் உள்ள தெருதான் அவன் பஸ்ஸின் கடைசி நிறுத்தம். தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்ளும்படி அந்தப் பேரைக் கத்துவான்.

எங்கள் குடும்பத்துக்கு அவன் பரம்பரை ஞானத்தகப்பன். பிள்ளைக்குப் பேர் வைக்கும் உரிமை அவனுக்குத்தான். தாத்தாவான நான்கூட வாய் திறக்கக் கூடாது. ஆனால் என் பேரனுக்கு டாமே என்று வைக்க வேண்டும் என எனக்குக் கொள்ளை ஆசை. ஞானஸ்நானத்துக்குப் போகும் வழியில் ஜாடையாகக் கேட்டேன்.

"உன் கடைசி நிறுத்தம் வழியாப் போவோமா வெல்யான்?"

"எதுக்குச் சுத்து வழி? பேர் என்னன்னு கோயில்ல சொல்றேன். அதுவரைக்கும் தவிச்சுக்கிட்டே வா, கிழவா."

கோயிலில் பாதிரியார் பேர் கேட்டார். வெல்யான் நெஞ்சை நிமிர்த்தி, பஸ்ஸில் கத்துகிற அதே குரலில், "டாமே" என்றான். பிள்ளை வீறிட்டு அழுதது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெல்யான் என் பக்கம் திரும்பினான்.

"இத்தனை வருஷமா இந்தப் பேரைக் கத்துறேன். கேட்டவன் எல்லாம் பேசாம இறங்கித்தான் போனான். இவன் ஒருத்தன்தான்யா பதில் சொல்றான்."